சண்டை என்றொரு டேப்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொய் ஒன்று உண்டு. "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்குங்க சார், ரெண்டு நிமிசத்துல பாத்துச் சொல்றேன்." போனில் சரக்கு வாங்கும் பையர் கேட்டாலும் இதைத்தான் சொல்வோம், முதலாளி கேட்டாலும் இதைத்தான் சொல்வோம். சிஸ்டம் பாவம், அது பாட்டுக்கு வேகமாகத்தான் இருக்கும். கேட்ட ஃபைல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் நாங்கள்தான் திரை முழுவதும் அலைந்துகொண்டிருப்போம். திருப்பூரில் எத்தனை பனியன் கம்பெனி உண்டோ அத்தனையிலும் இந்தப் பொய் ஓடுகிறது என்று அடித்துச் சொல்வேன்.

அந்தப் பொய்யை ஒரு தடவைகூடச் சொல்லாத ஒருத்தி எங்களோடு வேலை பார்த்தாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவளே தடை போட்டிருக்கிறாள். நான் எதையாவது கிறுக்குகிறவள் என்று தெரிந்த அன்றே சொல்லிவிட்டாள். "என்னெ வெச்சு எழுதுனா எழுதிக்கோங்கக்கா. பேர மட்டும் போட்றாதீங்க. நான் சண்டைக்காரீன்னு ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சுன்னா, பொறவு எங்கூடச் சண்டைக்கு எவனும் வரமாட்டான்."

ஆள் குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுதாகப் படாது. அதற்கென்று மேஜைக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் போட்டிருந்தாள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருப்பாள். மேஜை மேல் எப்போதும் ஹெல்மெட். எங்கள் கம்பெனியில் அவளுக்கு ஃபாலோ-அப் வேலை. அதாவது, நூல் வந்து இறங்கியதிலிருந்து உடுப்பாகிப் பெட்டி கட்டி லாரி ஏறும்வரை, துணி இப்போது எங்கே இருக்கிறது, ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பது. எங்கள் ஊர்த் துணி ஓரிடத்தில் இருந்து உடுப்பாவதில்லை. ஒரு தெருவில் நூலைத் துணியாக்கும் நிட்டிங், ஊருக்கு வெளியே சாயம், வேறொரு மூலையில் பிரிண்டிங். முன்பு அவள் ஸ்கூட்டரில் இதன் பின்னாலேயே சுற்றினாள். பிறகு மேஜை கொடுத்தார்கள். மேஜை கிடைத்ததும் மனுசி சாதுவாகிவிடுவாள் என்று சாயப்பட்டறைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. குழந்தைகள் உடுப்பு வாங்கும் ஒரு பெரிய பையருக்கு நான்தான் மெர்ச்சண்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது யூனிட் முழுக்க அந்த ஒரு பையரை நம்பித்தான் ஓடியது. அங்கே தைத்த பெண்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், மீதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அந்தப் பையர் போய்விட்டால் அந்த யூனிட்டின் கதவைச் சாத்த வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், தைக்கிற பெண்களுக்கும் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும்.

இத்தனை பெரிய பொறுப்பை வைத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் திரையை நான் எப்படி வைத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பின்னணியில் மாதா படம். அதன் மேல் ஃபைல்களும் ஷார்ட்கட்டுகளும் உப்புக்கண்டம் காயப்போட்ட மாதிரி. எந்த ஃபைலுக்கும் ஒழுங்கான பேர் கிடையாது. எல்லாம் இடக்கணக்குத்தான். சாயம் போடுவதற்கு முன் சின்னத் துண்டில் நிறம் பார்த்து பையர் சம்மதித்த லேப் டிப் எல்லாம் மாதாவின் நீல அங்கிக்குக் கீழே. பேக்கிங் விவரம் கிரீடத்துக்கு மேலே. அவசரமானது என்றால் குழந்தை இயேசுவின் கைக்குப் பக்கத்தில். மற்றவர்கள் திரையில் பழனி முருகன். அவர்களுக்கும் இதே வழக்கம்தான்; வேல் முனையில் இன்வாய்ஸ், மயில் தோகையில் சாம்பிள் படங்கள். "அந்த ஃபைலு எங்கண்ணா?" என்று ஒருவர் கேட்டால், "மயிலுக்கு வாலுக்குக் கீழ பாருங்க" என்று பதில் வரும். வெளியாள் கேட்டால் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பான்.

அவள் திரையில் மட்டும் முருகன் தனியாக நின்றார். ஒரு ஐகான் கிடையாது. வேலையே செய்யாதவள் திரை போல இருக்கும். மவுஸை மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால்தான் விஷயம் தெரியும். மேலேயிருந்து ஒரு பட்டை சறுக்கிக்கொண்டு இறங்கும். அதற்கு டாக் என்று பேர். எங்கோ தேடி இலவசமாக இறக்கிப் போட்டிருந்தாள். அந்தப் பட்டையில் வரிசையாக டேப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு நிறம். ஒரு டேப்பைத் தொட்டால் அதற்குரிய ஷார்ட்கட்டுகள் மட்டும் விரியும். வேலை முடிந்து மவுஸை எடுத்தால் பட்டை மறுபடி மேலே போய் ஒளிந்துகொள்ளும்.

டேப்புகளை அவள் அடுக்கியிருந்த முறை அவளுக்கே உரியது. பையர் வாரியாக இல்லை, தேதி வாரியாக இல்லை. துணி போகிற வழியிலேயே டேப்பும் போனது. இடது ஓரத்தில் நூல், அதற்குச் சாயம் போடாத கோரா நிறம். அடுத்து நிட்டிங், அடுத்து சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், கடைசியில் அட்டைப்பெட்டி நிறத்தில் பேக்கிங். ஸ்கூட்டரில் போன பாதையை அப்படியே திரையின் உச்சியில் போட்டு வைத்திருந்தாள்.

பேக்கிங்குக்கும் அப்பால், வலது கோடியில், மிளகாய்ப்பழச் சிவப்பில் இன்னொரு டேப் இருந்தது. அதன் பேர் 'சண்டை'.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏ பிள்ள, இது என்ன பேரு? யாரும் பாத்தா என்ன நினைப்பாக?"

"நெனச்சுக்கட்டுமுங்க. பின்னால 'நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே'ன்னு எவனெல்லாம் சொல்லுவானோ, அவன் சொன்னதெல்லாம் இதுக்குள்ள கெடக்குதுங்க."

அது வெறும் பேச்சில்லை என்பதை அந்த வாரமே பார்த்தேன். என் பையருக்கு இளமஞ்சளில் பச்சைக்குழந்தைகளுக்கான உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சாயத்திலிருந்து துணி லாட் லாட்டாக வரும். மூன்றாவது லாட் வந்து இறங்கியதும் அவள் தன் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் துணியில் தேய்த்தாள். கைக்குட்டையில் மஞ்சள் ஒட்டியது. உடனே படம் எடுத்து சாயப்பட்டறைக்காரருக்கு அனுப்பினாள். அவர், "ஒரு கழுவுல போயிருமுங்க, தாராளமா வெட்டுங்க" என்று எழுதினார். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்றுதான் எங்கள் மேனேஜரும் சொன்னார். அவள் கேட்கவில்லை. லாட்டை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினாள். நாலு நாள் கழித்து அந்தச் சாயப்பட்டறைக்காரர் போனில் கத்தினார், நல்ல துணியை வேண்டுமென்றே திருப்பினாள் என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அலுவலகமே கேட்டது.

"அண்ணா, நீங்க கழுவுனா போயிரும்னு எழுதுனீங்களா, இல்லீங்களா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மவுஸ் மேலே போனது, பட்டை இறங்கியது, சிவப்பு டேப் விரிந்தது. "சொல்லீருக்கீங்க. புதங்கெழமை, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல. உங்குளுக்கே திரும்ப அனுப்பறன், பாருங்க." அந்தப் பக்கம் மெசேஜ் வந்து விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "செரி, விடுங்க மேடம், மறுக்காப் போட்டுத் தர்றனுங்க" என்று குரல் இறங்கி வந்தது. அவள் போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டப்பாவைத் திறந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டாள். எனக்குத்தான் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

இப்படி ஒழுங்கானவள் வீட்டை எப்படி வைத்திருப்பாள் என்று பார்க்க எனக்கு ஆசை. அனுப்பர்பாளையத்தில் இருந்த அவள் வீட்டுக்கு, மகளின் பிறந்தநாளுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. சோபாவில் துவைத்த துணி மலை. ஃபிரிட்ஜுக்கு மேலே பள்ளிக்கூடச் சாக்ஸ். டீ போடச் சமையலறைக்குப் போனவள் சர்க்கரையைத் தேடினாள், தேடினாள், கடைசியில் அவள் வீட்டுக்காரர் அதை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். அது அங்கே எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"என்ன பிள்ள இது? ஆபீஸ்ல அப்படி அடுக்குத, வீடு இப்படிக் கெடக்கு?"

"அட போங்கக்கா," என்றாள். "ஊட்ல யாரு கூடவும் எனக்குச் சண்டை இல்லீங்களே. எதுக்கு அடுக்கோணும்?"

அன்றைக்குத்தான் அவளை எனக்கு முழுசாகப் புரிந்தது. சுத்தத்துக்காக அடுக்குகிறவள் இல்லை அவள். ஜெயிப்பதற்காக அடுக்குகிறவள். வீட்டில் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் நிம்மதியாகக் கலைத்துப் போட்டு வாழ்ந்தாள். அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. சர்க்கரை கிடைத்த பிறகு போட்ட டீயும் நன்றாக இருந்தது.

எங்கள் மேனேஜருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவளிடம் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது, அதுதான் காரணம். ஒருநாள் டேப்புகளுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள். சாயம் டேப்பின் நீலம் கண்ணை உறுத்துகிறது என்று வேறு நீலம் தேடிக்கொண்டிருந்த நேரம் அவர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்குக் கோலம் போட்டுட்டு இருக்கறீங்களாக்கும்?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலையே அவளுக்கு மெயில் வந்தது. கம்பெனி அனுமதிக்காத பொம்மைகளைக் கம்ப்யூட்டரில் வைத்து நேரத்தை வீணாக்கக்கூடாது, ஆயுத பூஜை கழிந்ததும் அந்த டாக்கை எடுத்துவிட வேண்டும், எடுத்ததைத் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று. எங்களுக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார், நாங்களும் பார்த்துத் திருந்த வேண்டுமாம்.

இன்றைக்கு ஒரு பூகம்பம்தான் என்று நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் மெயிலைப் படித்தாள். மவுஸ் கொஞ்சம் அங்கே இங்கே போனது. பிறகு இரண்டே சொல்லில் பதில் போட்டாள்: சரிங்க சார்.

"என்ன பிள்ள, சும்மா விட்டுட்ட?"

"எல்லாச் சண்டையும் அன்னைக்கே போடோணும்னு இல்லீங்கக்கா," என்றாள். ஆனால் குரலில் உயிரில்லை. அன்று கிளம்பும்போது ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போய்ப் பாதிப் படியில் திரும்பி வந்தாள். அந்தப் பட்டை போய்விட்டால் அவளும் எங்களைப் போல 'சிஸ்டம் ஸ்லோ' சொல்கிற ஆளாகிவிடுவாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அது பெரிய நோம்பி. தையல் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, கத்திரிகளைத் தட்டில் அடுக்கி, வாசலில் வாழைக்கன்று கட்டி, ஆளுக்கொரு பை பொரியும் சுண்டலும். ஒருமுறை பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் எந்த மெஷினையும் தொடக்கூடாது. அது முதலாளியின் கண்டிப்பு. கம்ப்யூட்டரும் அவர் கணக்கில் மெஷின்தான்.

மறுநாள் விஜயதசமி. அன்று காலைக்கு என் பையரின் ஆடிட் வைத்திருந்தார்கள். பூஜை, விடுமுறை என்று நான் எழுதிய மெயிலுக்கு, தேதியை மாற்ற முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆடிட் என்றால் எங்கள் ஊரில் வேறொன்றுமில்லை. பையரின் ஆள் வந்து ஒரு உடுப்பை எடுத்து, இது எந்த நூல், எந்தச் சாயம், யார் தைத்தது என்று கேட்பார். கேட்டதை அங்கேயே, அவர் கண்ணெதிரே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று எழுதிக்கொள்வார். தேறாவிட்டால் பையர் போய்விடுவார். இரண்டாவது யூனிட்டுக்கு என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன்.

சரி, எல்லாம்தான் தயாராக இருக்கிறதே, மாதா அங்கிக்குக் கீழே, கிரீடத்துக்கு மேலே என்று நானும் தைரியமாகத்தான் இருந்தேன்.

பூஜை அன்று மத்தியானம் முதலாளி கற்பூரத் தட்டோடு அலுவலகத்துக்குள் வந்தார். முதல் மேஜையில் மானிட்டருக்குத் தீபம் காட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முருகன் முகத்தின் மேல் எக்செல் ஃபைல்கள். கண் ஒன்றில் ஒரு ஷார்ட்கட்.

"ஏனுங்க, இதென்னுங்க? சாமி மொகமே தெரியலீங்களே! மொகத்து மேல குப்பையக் கொட்டி வெச்சுட்டு நான் எங்கீங்க தீவம் காட்டறது?"

சிஸ்டம் பார்க்கிறவர் ஓடிவந்தார். "எல்லாத்தையும் தூக்குங்க. எல்லா டப்பாலயும் தூக்குங்க. மொகம் தெரியோணும்," என்றார் முதலாளி. பிறகு என் திரையைப் பார்த்து, "மாதா மொகமும் தெரியட்டுமுங்க," என்று மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்.

சிஸ்டம்காரர் பம்பரமாகச் சுழன்றார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் திரையில் கிடந்த அத்தனையையும் அள்ளி, பூஜை என்று ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் கொட்டி, அதை எங்கோ உள்ளே தள்ளிவிட்டார். அழித்துவிடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். மாதா நீல அங்கியோடு பளிச்சென்று நின்றார். அவ்வளவு அழகான படம் என்று எனக்கே அன்றுதான் தெரியும். ஆனால் என் கணக்கெல்லாம் அந்த அங்கியில்தானே இருந்தது. தேடிப் பார்க்கலாம் என்று கை போவதற்குள் மானிட்டரில் பொட்டு வைத்தாயிற்று. இனி நாளைக்குத்தான் தொட வேண்டும்.

அவள் மேஜைக்கு வந்தார் முதலாளி. திரையில் முருகன் முழுசாக, கால் நகம் வரைக்கும் தெரிந்தார். "இப்பிடியல்லொ வெச்சிருக்கோணும்!" என்று பூரித்துப்போனார். சிஸ்டம்காரரும், இங்கே அள்ள ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போனார். எல்லோரும் மானிட்டரின் நடுவில் பொட்டு வைத்தோம். அவள் மட்டும் மேல் விளிம்பில், சரியாக நடுவே, ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுநாள் காலை ஆடிட்டர் வந்தார். பெங்களூர்க்காரப் பெண்மணி, ஒல்லி, கண்டிப்பான முகம். இங்கிலீஷில்தான் பேச்சு. டீ வேண்டாம், பொரி வேண்டாம், நேராக வேலைக்கு வந்தார். பெட்டி ஒன்றைப் பிரித்து ஒரு இளமஞ்சள் உடுப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். இதன் பேக்கிங்கிலிருந்து பின்னோக்கி நூல் வரைக்கும் காட்டு என்றார்.

நான் பூஜை ஃபோல்டரைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தேன். உள்ளே எல்லாம் அகரவரிசையில் நின்றன. மாதா இல்லை, அங்கி இல்லை, கிரீடம் இல்லை. 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசி சரியானது' என்று நானே வைத்த பேர்கள் வரிசையாக என்னைப் பார்த்து இளித்தன. ஒன்றைத் திறந்தேன், போன வருஷத்தது. இன்னொன்றைத் திறந்தேன், வேறு பையருடையது. பக்கத்து மேஜைகளிலும் எல்லோரும் முருகனைப் பார்த்தபடி திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ, மேடம்," என்றார்.

"நான் போகும் எல்லா ஊரிலும் அது ஸ்லோதான்," என்றார் ஆடிட்டர். கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தார்.

அந்த மூடி திறந்த சத்தத்தில் எனக்கு இரண்டாவது யூனிட்டுப் பெண்கள் முகமெல்லாம் வந்து போனது. நான் எழுந்தேன். "மேடம், அந்த சிஸ்டத்துல பாக்கலாம்," என்று அவளைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்து ஆடிட்டருக்குப் போட்டேன்.

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அட்டைப்பெட்டி மேல் காலை ஊன்றிக்கொண்டாள். மவுஸ் பொட்டு வைத்த இடத்துக்குப் போனது. பட்டை இறங்கியது. பேக்கிங் என்றார் ஆடிட்டர், பேக்கிங் வந்தது. எந்த லைனில் தைத்தது என்றார், வந்தது. கட்டிங் வந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த டேப் விரிந்தது. வலமிருந்து இடமாக, உடுப்பு வந்த வழியே திரும்பி நடந்து போகிற மாதிரி இருவரும் போனார்கள். அவள் இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், மவுஸ் தடுமாறவில்லை. பின்னால் நின்ற எங்களுக்கு மூச்சு சீராகத் தொடங்கியது.

சாயம் டேப்பில் ஆடிட்டர் நின்றார். ஒன்று இருக்கிறது, இரண்டு இருக்கிறது, நான்கு இருக்கிறது, ஐந்து இருக்கிறது. மூன்றாவது லாட் எங்கே?

மேனேஜர் முந்திக்கொண்டார். மூன்றாவது லாட் என்று ஒன்றே இல்லை, நம்பர் போட்டதில் தப்பு என்றார். தோற்ற லாட் ஒன்று உண்டு என்று ஆடிட்டரிடம் ஒப்புக்கொள்கிற வழக்கம் எங்கள் ஊரிலேயே கிடையாது. நானும் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தினேன், சும்மா இரு என்று. அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

"இருக்குதுங்க மேடம்," என்றாள், தமிழிலேயே.

மவுஸ் நூல் பக்கம் போகாமல் வலது கோடிக்குப் போனது. சிவப்பு டேப்.

அது என்ன, இவ்வளவு சிவப்பாக, என்று கேட்டார் ஆடிட்டர். அதில் என்ன எழுதியிருக்கிறது?

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். "ஃபைட், மேடம். ஒன்லி ஃபைட்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

மஞ்சள் ஒட்டிய வெள்ளைக் கைக்குட்டை திரை நிறைய வந்தது. கழுவினால் போய்விடும் என்று சாயப்பட்டறைக்காரர் எழுதியது வந்தது. குழந்தை வாயில் வைத்துச் சப்புகிற துணி, ஒரு பீஸ்கூட வெட்டமாட்டேன் என்று அவள் எழுதியது வந்தது. லாட் திரும்பிப் போன வண்டிச் சீட்டு, அவர் மெசேஜில் கத்தியது, இவள் திருப்பிக் கத்தியது, மறுபடி சாயம் போட்டு அதே துணி ஐந்தாவது லாட்டாக வந்து சேர்ந்தது, அதை மறுபடி கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்த படம். இந்தத் தடவை கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

ஆடிட்டர் எல்லாவற்றையும் படித்தார். தமிழில் இருந்ததை என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். அவள் எழுதியதில் சில வார்த்தைகளை நான் கொஞ்சம் மரியாதையாக்கிச் சொன்னேன். படித்து முடித்து அந்த உடுப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். எல்லாக் கம்பெனியிலும் எனக்கு நல்லதை மட்டுமே காட்டுகிறார்கள், ஒரு கெட்டது வந்தபோது என்ன செய்தார்கள் என்று இன்றுதான் பார்த்தேன் என்றார். பிறகு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

தேறிவிட்டோம். செய்தி இரண்டாவது யூனிட்டுக்குப் போனதும் அங்கிருந்து எழுந்த கூச்சல் எங்கள் மாடிவரைக்கும் கேட்டது. இந்தியும் தமிழும் கலந்த கூச்சல். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

முதலாளி பொரிப் பையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அவளிடம், "கண்ணு, என்ன வித்தை பண்ணுனே?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் மேனேஜர் முன்னால் வந்தார்.

"நம்ம டீமோட முயற்சிங்க சார். இந்த டாக்கு நெம்ப உபயோகமான சாமானுங்க. எல்லாருக்கும் போட்டு விடோணும்னு நானே சொல்லிட்டுத்தான் இருந்தேனுங்க. நான் ஒருநாளும் இத வேண்டாம்னு சொன்னதே இல்லீங்களே!"

டாக்கை எடுக்கச் சொன்ன மெயிலின் நகல் வந்திருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாயப்பட்டறைக்காரர் போனில் கத்திய அன்று மலர்ந்ததே, அதே மாதிரி மெல்ல மலர்ந்தது.

மவுஸ் மேலே போனது. பட்டை இறங்கியது. அவள் சிவப்பு டேப்பின் மேல் நிறுத்திக்கொண்டு, திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"ஏனுங் சார், இதுல கடேசியா ஒண்ணு இருக்குதுங்க. முதலாளிக்குக் காட்டட்டுங்களா, வேண்டாமுங்களா?"

மேனேஜர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். தான் எழுதிய மெயில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "வேண்டாம்மா," என்றார். பிறகு இன்னும் சின்னக் குரலில், "டாக்கு இருக்கட்டும். எடுக்க வேண்டாம்."

"செரிங்க சார். அதும் அங்கயே இருக்கட்டுமுங்க."

"என்னம்மா அது?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்லீங்க, பழைய சண்டைங்க. முடிஞ்சுபோச்சுங்க," என்று சொல்லி மவுஸை எடுத்தாள். பட்டை மேலே போய் ஒளிந்துகொண்டது. திரையில் முருகன் மட்டும் நின்றார்.

இப்போது அவள் பொங்கலூர்ப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன யூனிட் நடத்துகிறாள். வீடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறதாம். என் கம்ப்யூட்டரில் அவள் போட்டுக் கொடுத்த பட்டை இருக்கிறது. மாதா முகம் தெரிகிறது. டேப்புகளுக்கு நானே பேர் வைத்துக்கொண்டேன், வலது கோடியில் சிவப்பும் உண்டு. போன வாரம் ஒரு நூல் கடைக்காரர் போனில், "நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே மேடம்" என்றார். ஐம்பது வயதில் எனக்கு முகம் மலர்ந்தது.